இதய ஆபரேஷன் முடிந்த குழந்தைக்குப் பக்கவாதம்: எப்போது வரும், எப்படித் தெரியும், என்ன செய்யலாம்

பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. அவர்களில் ஆபரேஷன் தேவைப்படுபவர்களின் பெற்றோர் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் "பக்கவாதம்" என்ற சொல் எங்காவது ஒரு வரியில் இருக்கும். அந்த நேரத்தில் அதைப் பற்றிக் கேட்கும் மனநிலை யாருக்கும் இருப்பதில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து குழந்தை வீடு திரும்பியதும் அந்த வரி மறந்துபோகிறது.

மறக்கக் கூடாத வரி அது. வட கலிபோர்னியாவில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை அலசி 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 19 மடங்கு அதிகம் என்றது. இதய ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு 31 மடங்கு. கவனிக்க வேண்டியது அடுத்த செய்தி: ஆபரேஷன் ஆனவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்தது கடைசி ஆபரேஷன் முடிந்து ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகு. ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில், பள்ளியில், விளையாட்டுத் திடலில். இந்த மடங்குக் கணக்கைப் பார்த்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளுக்குப் பக்கவாதம் வருவதே ஆண்டுக்கு லட்சத்தில் சில பேருக்குத்தான், ஆகவே 31 மடங்கு என்றாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வரப்போவதில்லை. ஆனால் வந்தால் அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

மூளையின் ரத்தக் குழாயை உறைவு அடைப்பதாலோ, அதில் கசிவு ஏற்படுவதாலோ வருவது பக்கவாதம். இதயத்துக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்பதை முதலில் பார்த்துவிடலாம். உடலெங்கும் இருந்து திரும்பும் அசுத்த ரத்தத்தில் சின்னச் சின்ன உறைவுத் துணுக்குகள், காற்றுக் குமிழிகள், கிருமிகள் அவ்வப்போது இருக்கும். அது முதலில் நுரையீரலுக்குப் போவதால் அங்குள்ள நுண்குழாய்கள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நுரையீரல் ஒரு வடிகட்டி. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நேரடி வழி இருக்கும் குழந்தைகளுக்கு, அதாவது உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு, அந்த வடிகட்டியைத் தாண்டாமலேயே ரத்தத்தில் ஒரு பகுதி நேராக மகாதமனிக்குப் போய்விடுகிறது. மகாதமனியிலிருந்து முதலில் பிரியும் கிளைகளில் கழுத்துத் தமனிகளும் அடங்கும். காலில் உண்டான ஒரு சின்ன உறைவு மூளைக்குப் போவதற்கு இதைவிடக் குறுக்கு வழி வேண்டியதில்லை.

ஆபரேஷன் தியேட்டரில் நடப்பவை பெற்றோர் கையில் இல்லை. ஆனாலும் தெரிந்திருந்தால் டாக்டரிடம் பேசுவது எளிதாகும். ஆபரேஷனின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் குழந்தையை இணைக்கும் முன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரினை ஒரு கிலோ எடைக்கு 300 முதல் 400 யூனிட் கொடுத்து, ரத்தம் உறைய எடுக்கும் நேரம் 480 விநாடியைத் தாண்டியதா என்று பார்த்த பிறகே மெஷினை ஓட்டுவது வழக்கம். அது குறைந்தால் மெஷினின் குழாய்களிலேயே உறைவு கட்டும். இதயத்தைத் திறந்து மூடும்போது உள்ளே காற்று தங்கும். அதை வெளியேற்றப் பொறுமையான வேலை தேவை. காற்றைவிட ரத்தத்தில் வேகமாகக் கரைவதால் ஆபரேஷன் நடக்கும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடைப் பாய்ச்சுவதும் உண்டு. மகாதமனியின் வளைவைச் சீரமைக்கும்போது உடலை 18 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்த வேண்டிவரும். அந்த நிறுத்தம் 40 நிமிடத்தைத் தாண்டும்போது மூளைக்கு ஆபத்து கூடுகிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். அதனால் இப்போது பல இடங்களில் அந்த நேரத்திலும் மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் செலுத்துகிறார்கள். மறுபடி சூடாக்கும்போது அவசரப்பட்டு, மூளை இயல்பைவிட அதிகமாகச் சூடானால் அதுவும் கெடுதல்.

இத்தனைக்குப் பிறகும், டொரொன்டோவில் எடுத்து 2008இல் வெளியான கணக்கின்படி, ஆபரேஷன் முடிந்த 72 மணி நேரத்துக்குள் வெளிப்படையான பக்கவாதம் வந்தது 185 குழந்தைகளில் ஒருவருக்குத்தான். வெளியே தெரியாத சிறு பாதிப்புகள் இதைவிட நிறைய. எல்லாக் குழந்தைகளுக்கும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த இடங்களில் அவை தெரிந்தன. அவற்றில் ஒரு பங்கு ஆபரேஷனுக்கு முன்பே இருந்தவை. சிக்கலான இதயக் கோளாறோடு பிறக்கும் சிசுக்களின் மூளை கர்ப்பத்திலேயே சற்றுப் பின்தங்கி வளர்ந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே ஸ்கேனில் ஏதோ இருக்கிறது என்றதும் சர்ஜனின் கை தவறிவிட்டது என்று முடிவு கட்டுவது நியாயமல்ல.

ஐசியுவில் பெரிய சிக்கல் மயக்கம். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்குத் தூக்க மருந்தும் வலி மருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். சில நேரம் தசைகளைத் தளர்த்தும் மருந்தும். கை அசையவில்லை என்றால் மருந்தாலா, மூளையாலா? பிறந்த சில நாட்களேயான சிசுவுக்குப் பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பாகத்தான் வெளிப்படும், அதுவும் கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பாக இருக்காது. ஒரு கை மட்டும் தாளகதியில் துடிக்கும், வாய் சப்பும், கண் ஒரு பக்கமாகச் செருகும், மூச்சு நின்று நின்று வரும். தசைத் தளர்ச்சி மருந்து ஓடும்போது இதுவும் தெரியாது; நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் காரணமில்லாமல் ஏறி இறங்குவது மட்டுமே தடயம், அப்போது மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி வைத்தால்தான் பிடிபடும். உச்சிக்குழி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டு ரத்தக்கசிவை நன்றாகக் காட்டும், ஆனால் ரத்தம் போகாமல் செத்த பகுதியைத் தொடக்கத்தில் பெரும்பாலும் தவறவிடும். "ஸ்கேன் நார்மல்" என்று சொன்னால் எந்த ஸ்கேன் என்று கேளுங்கள். தற்காலிக பேஸ்மேக்கர் கம்பிகள் நெஞ்சில் இருக்கும்வரை எம்ஆர்ஐ எடுக்கத் தயங்குவார்கள். அந்நேரம் சிடி எடுப்பார்கள். இதயம், நுரையீரலின் வேலையை ஐசியுவில் தற்காலிகமாகச் செய்யும் எக்மோ மெஷினில் இருந்த குழந்தைக்கு உறைவு, கசிவு இரண்டும் வரக்கூடும் என்பதால், மெஷினிலிருந்து விடுபட்ட பிறகு மூளையை ஒருமுறை படமெடுத்துப் பார்ப்பது நல்ல நடைமுறை.

பக்கத்தில் இருப்பவர் கண்ணாலேயே பார்க்கக்கூடிய ஒன்று ட்ரிப் குழாய். நீலக் குழந்தைக்கு அதில் வரும் ஒரு குமிழியும் அற்பமல்ல. பாட்டிலை மாற்றும்போது சேம்பர் பாதிக்குமேல் நிரம்பியிருக்கிறதா, குழாயைக் குழந்தையோடு இணைக்கும் முன் கடைசி வரை திரவம் ஓடி வந்ததா என்று பாருங்கள். குமிழி ஒளிந்துகொள்ளும் இடங்கள் மூன்றுவழித் திருகு, ஊசி போடும் ரப்பர் முனை, இரண்டு குழாய்கள் சேரும் இணைப்பு. விரலால் சுண்டினால் அது மேலே ஏறி வரும். பிறகு சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க வேண்டும். சிரிஞ்சிலிருந்து மருந்து போடும்போது முனை கீழ்நோக்கி இருந்தால் குமிழி மேலே பிஸ்டன் பக்கம் தங்கும். கடைசிச் சொட்டு வரை தள்ளக் கூடாது. இந்தக் குழந்தைகளின் குழாயில் 0.2 மைக்ரான் காற்று ஃபில்டர் பொருத்துவது வழக்கம். ரத்தமும் கொழுப்புச் சத்துத் திரவமும் அதன் வழியே போகாது என்பதால் அவை ஏற்றும்போது ஃபில்டரைக் கழற்றுவார்கள். மறுபடி மாட்ட மறந்துபோவது அடிக்கடி நடக்கிற பிழை. இதைப் பெற்றோர் நர்ஸிடம் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. நல்ல நர்ஸ் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வார்டுக்கு வந்த பிறகு, வீட்டுக்குப் போன பிறகு, அறிகுறி இன்னும் மெல்லியதாக இருக்கும். நாலைந்து மாதக் குழந்தைக்கு எதிரே ஒரு கிலுகிலுப்பையைச் சரியாக நடுவில் பிடித்துப் பாருங்கள். இரண்டு கையும் மாறி மாறி வர வேண்டும். எப்போதும் வலது கை மட்டும் நீண்டு, இடது கை கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியாகவே இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு அதே கிலுகிலுப்பையை இடது பக்கம் காட்டுங்கள். அப்போதும் இடது கை எழவில்லை என்றால் மூளை நரம்பு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஒரு வயதுக்குமுன் எந்தக் குழந்தைக்கும் கைப்பழக்கம் நிலைப்பதில்லை. "எங்க பிள்ளை இப்பவே வலது கைக்காரன்" என்று பெருமையாகச் சொல்லப்படும் எத்தனையோ குழந்தைகளுக்கு, சிசுப் பருவத்தில் வந்துபோன பக்கவாதம் அப்படித்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. ட்ரிப் போட்ட கை, ஆபரேஷனில் அழுந்திய தோள் நரம்பு என்று வேறு காரணங்களும் உண்டு. அதைத் தீர்மானிப்பது டாக்டரின் வேலை.

எல்லா ஆபரேஷனும் ஒன்றல்ல. இதயத்தின் மேலறைச் சுவரிலோ கீழறைச் சுவரிலோ இருந்த ஓட்டையை மிச்சமில்லாமல் அடைத்த குழந்தைக்கு, ஆறு மாதத்தில் ஒட்டின் மேல் திசு படர்ந்த பிறகு, கவலைப்பட அதிகம் இல்லை. கவலை தொடர்வது வேறு சிலருக்கு: கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு சேர்க்கும் பி.டி. (பிளேலாக்-டாசிக்) ஷன்ட் வைத்தவர்கள், உடலின் சிரை ரத்தத்தை நேராக நுரையீரலுக்குத் திருப்பும் க்ளென், ஃபான்டான் ஆபரேஷன் ஆனவர்கள், உலோக வால்வு வைத்தவர்கள், இதயத் தசை தளர்ந்தவர்கள், இதயத்துடிப்பு தாறுமாறாகும் கோளாறு உள்ளவர்கள். இவர்களில் ஃபான்டான் குழந்தைகளைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஒற்றை அறையோடு இயங்கும் இவர்களுடைய இதயத்தில் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ள பம்ப் கிடையாது; சிரை ரத்தம் தானாகவே மெதுவாக வழிந்து போகிறது. மெதுவாக ஓடும் ரத்தம் உறையும். அழுத்தத்தைக் குறைக்க சர்ஜன் வேண்டுமென்றே விட்டுவைக்கும் சிறு துளை வழியே அந்த உறைவு இடப்பக்கம் போகக்கூடும். 111 குழந்தைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்வில், உறைவைத் தடுக்க ஆஸ்பிரின் எடுத்தவர்களிலும் வார்ஃபரின் எடுத்தவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எங்காவது உறைவு இருந்தது. பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல், ஸ்கேனில்தான் தெரிந்தது. மருந்து சாப்பிடுவதால் மட்டும் ஆபத்து முழுதும் போய்விடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மருந்துகளில் பிழை வரும் இடங்கள் நுணுக்கமானவை. ஆஸ்பிரின் பொதுவாக நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 3 முதல் 5 மி.கி., ஒரே வேளை. குழந்தை எடை கூடிக்கொண்டே போகும். ஆறு மாதக் குழந்தைக்கு எழுதிய அளவு இரண்டு வயதிலும் அப்படியே ஓடுவது சர்வசாதாரணம், ஆகவே ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் அளவைக் கேளுங்கள். ஜுரத்துக்கு ஐபுபுரோஃபென் கொடுத்தால் அது ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கும், பாராசிட்டமால் போதும். சின்னம்மை போட்டாலோ இன்ஃபுளுவென்சா வந்தாலோ ஆஸ்பிரினோடு சேர்ந்து ரே சின்ட்ரோம் எனும் ஈரல், மூளை பாதிப்பு வரக்கூடும். அந்த நேரத்தில் தானாக நிறுத்துவதும் ஆபத்து, தானாகத் தொடர்வதும் ஆபத்து: அன்றே இதய டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவதற்கு இதுவே போதுமான காரணம். சின்னம்மைத் தடுப்பூசி போடும்போது ஆஸ்பிரின் ஓடுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனெனில் அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி.

வார்ஃபரின் எடுக்கும் குழந்தைக்கு ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண், பெரும்பாலும் 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும்; இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில், அதாவது மைட்ரல் இடத்தில், உலோக வால்வு என்றால் 2.5 முதல் 3.5. இந்த எண்ணைக் குலைப்பவை மூன்று: ஆன்டிபயாட்டிக், வயிற்றுப்போக்கு, உணவு மாற்றம். முதல் இரண்டும் பெரும்பாலும் எண்ணை ஏற்றும். கீரை திடீரென்று அதிகமானால் இறக்கும். கைக்குழந்தைகள் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. தாய்ப்பாலில் வைட்டமின் கே மிகக் குறைவு, டப்பாப் பாலில் அதைச் சேர்த்திருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் அதே அளவு மருந்து திடீரென்று அதிகமாகிவிடும் அல்லது போதாமல் போய்விடும். பால் மாறுகிறது என்றால் நாலைந்து நாளில் ஐஎன்ஆர் பார்ப்பது நல்லது. உறைவைத் தடுக்கும் இனாக்ஸாபாரின் ஊசி வழக்கமாக ஒரு கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்கு அது 1.5 மி.கி. உறைவைத் தடுக்கும் புது ரக மருந்தான ரிவராக்ஸபான் 2021இல் அமெரிக்காவில் ஃபான்டான் குழந்தைகளுக்கு, இரண்டு வயதுக்கு மேல், அனுமதி பெற்றது. ரத்தப் பரிசோதனைத் தொல்லை குறைவு என்று கேள்விப்பட்டு உலோக வால்வுக் குழந்தைக்கு இந்தப் புது ரக மாத்திரை வேண்டும் என்று கேட்காதீர்கள். இதே ரகத்தைச் சேர்ந்த டாபிகாட்ரானைப் பெரியவர்களின் உலோக வால்வில் சோதித்த ஆய்வை, உறைவும் கசிவும் அதிகமானதால் 2012இல் பாதியில் நிறுத்தினார்கள்.

அடுத்தது தண்ணீர். பி.டி. ஷன்ட், க்ளென், ஃபான்டான் குழந்தைகளுக்கு வாந்தி, பேதி, ஜுரம், கடும் வெயில் எதுவும் சின்ன விஷயமல்ல. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தம் தடிக்கும். ஏற்கெனவே தடித்த ரத்தம் இன்னும் தடிக்கும். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, குடித்ததெல்லாம் வெளியே வருகிறது என்றால் வீட்டில் காத்திருக்காமல் ட்ரிப் ஏற்றப் போக வேண்டும். பல் பிடுங்கவோ எம்ஆர்ஐ எடுக்கவோ வெறும் வயிற்றில் வரச் சொன்னால், தெளிவான திரவம் எத்தனை மணி வரை கொடுக்கலாம் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை தண்ணீர் தரலாம் என்பது பரவலான விதி. "ராத்திரியிலிருந்து ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவது இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது. காத்திருப்பு நீண்டால் ட்ரிப் போட்டாக வேண்டும்.

நீலக் குழந்தையின் ஹீமோகுளோபின் அறிக்கையைப் படிப்பதில் பல பேர் ஏமாறுகிறார்கள். ஆக்சிஜன் அளவு 75, 80 என்று இருக்கும் குழந்தைக்கு உடல் அதை ஈடுகட்ட 16, 17 வரை ஹீமோகுளோபின் வேண்டும். அறிக்கையில் 12 என்று வந்து, பக்கத்தில் "நார்மல்" என்று அச்சாகியிருந்தால் அது அந்தக் குழந்தைக்குச் சோகை. இரும்புச்சத்துக் குறைவும் நீலக் குழந்தைகளுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது, குறிப்பாக நாலு வயதுக்குள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பார்த்து இரும்பு மருந்து கொடுப்பார்கள், சில வாரங்களில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். ஹீமோகுளோபின் எல்லை மீறி ஏறினாலும் கெடுதல். "ரத்தம் கெட்டியாக இருக்கிறது" என்று அறிகுறி எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து வெளியேற்றும் பழைய வழக்கம் இரும்புச்சத்தைத்தான் வறளச் செய்யும்.

காரணம் தெரியாத ஜுரத்தைப் பற்றி ஒன்று. ஆபரேஷன் ஆன இதயத்தில் கிருமி தங்கி வளர்ந்தால் அதன் துணுக்குகள் மூளைக்குப் போகும். இரண்டு மூன்று நாள் ஜுரம், காரணம் புரியவில்லை என்றால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்த கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். முதல் டோஸ் போன பிறகு எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம், பிறகு வாரக்கணக்கில் இருட்டில் தேட வேண்டிவரும். நீலக் குழந்தைக்கு ஜுரத்தோடு தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் பலவீனம் என்றால் மூளையில் சீழ்க்கட்டியையும் நினைத்தாக வேண்டும்.

இனி அந்த நேரம். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ சட்டென்று தொய்தல், பேச்சு குழறுதல் அல்லது நின்றுபோதல், ஒரு பக்கப் பார்வை மறைதல், தள்ளாட்டம், இதுவரை இல்லாத கடும் தலைவலி, புதிதாக வலிப்பு. பெரியவர்களைப் போலன்றிக் குழந்தைகளுக்குப் பல நேரம் வலிப்பும் தலைவலியும் முன்னால் வரும், அதனால் "ஃபிட்ஸ்", "ஒற்றைத் தலைவலி" என்று தள்ளிப் போய், பக்கவாதம் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் முழுதும் ஆகிவிடுகிறது. வலிப்புக்குப் பிறகு சிறிது நேரம் கை தளர்வது உண்டுதான். இதயக் குழந்தைக்கு அப்படி நினைத்துக் காத்திருக்கக் கூடாது. அறிகுறி பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும்.

ஆம்புலன்சை அழைத்துவிட்டு, குழந்தை கடைசியாக இயல்பாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். சிகிச்சை முழுதும் அந்த நேரத்தைக் கொண்டுதான் முடிவாகும். படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் ஒருக்களித்து. வாய்வழி எதுவும் தராதீர்கள், தண்ணீரும் சர்க்கரையும் கூட. விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் மூச்சுக்குழாயில் போகும். ஆஸ்பிரின் தராதீர்கள். உறைவா கசிவா என்று படம் எடுக்காமல் தெரியாது. வார்ஃபரின் எடுக்கும் குழந்தை என்றால் கசிவாகவும் இருக்கலாம். சேர்ந்ததும் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "இதய ஆபரேஷன் ஆன குழந்தை, இத்தனை மணிக்குத் திடீரென்று இடப்பக்கம் செயலிழந்துவிட்டது, பக்கவாதமாக இருக்குமா பாருங்கள்." பெற்றோர் அந்தச் சொல்லைத் தானே சொல்லத் தயங்க வேண்டாம், குழந்தைக்கு அது வரும் என்ற எண்ணமே அவசரப் பிரிவில் பலருக்கு முதலில் தோன்றாது.

அங்கே நடக்க வேண்டியவை: விரல் நுனியில் சர்க்கரை, ஐஎன்ஆர், ரத்தக் குழாய்ப் படத்தோடு சிடி அல்லது எம்ஆர்ஐ, எக்கோ. உறைவைக் கரைக்கும் ஊசி குழந்தைகளில் இன்னும் உறுதியாக நிறுவப்பட்ட சிகிச்சையல்ல. அண்மையில் பெரிய ஆபரேஷன் ஆகியிருந்தால் கசிவு பயத்தால் பெரும்பாலும் தரமாட்டார்கள். பெரிய தமனி அடைபட்டிருந்தால் கதீட்டர் வழியாக உறைவை இழுத்தெடுப்பது தேர்ந்த மையங்களில், சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு, நடக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது. சிலருக்கு 24 மணி நேரம் வரையும் செய்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரியில் குழந்தை இதயப் பிரிவும் மூளை ரத்தக் குழாய்ப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என்பதை வழக்கமான செக்கப்பின்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நேரத்தில் தேட முடியாது.

ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வரக்கூடும். இதயக் கோளாறுள்ள குழந்தைகளைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வு பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு 27 பேருக்கு மறுபடி வந்ததாகச் சொல்கிறது. உலோக வால்வு இருந்தவர்களுக்கும், ரத்தம் எளிதில் உறையும் தன்மை உள்ளவர்களுக்கும் அதிகம். பல் பிடுங்குவது போன்ற சின்ன வேலைக்காக ஆஸ்பிரினையோ வார்ஃபரினையோ நிறுத்தச் சொன்னால், இதய டாக்டரிடம் எத்தனை நாள் நிறுத்துவது, இடையில் ஹெபாரின் வேண்டுமா, எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்திய பிறகு தொடங்க மறந்த இடைவெளியில் உறைவு கட்டிய குழந்தைகள் உண்டு.

பிசியோதெரபி, கைப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் குழந்தை நிலைப்பட்டதும், ஆஸ்பத்திரியிலேயே, தொடங்கலாம். நல்ல கையைக் கையுறை போட்டுக் கட்டிவைத்துப் பலவீனமான கையை வேலை வாங்கும் பயிற்சிக்குக் குழந்தைகளிடம் நல்ல பலன் இருக்கிறது. கவனம், நினைவு, கணக்கு, கையெழுத்து ஆகியவற்றில் வரும் குறை பள்ளிக்குப் போன பிறகே தெரியும், அதனால் ஐந்து வயதில் ஒருமுறையும், பாடம் கடினமாகும் வகுப்புகளில் மறுபடியும், முறையான மதிப்பீடு செய்ய வேண்டும். பள்ளிப் பையில் ஒரு தாள் வையுங்கள்: ஆபரேஷனின் பெயர், செய்த ஆண்டு, வழக்கமான ஆக்சிஜன் அளவு, மருந்தும் மி.கி.யும், கடைசி ஐஎன்ஆர், பேஸ்மேக்கரோ உலோகமோ உண்டா, எம்ஆர்ஐ எடுக்கலாமா, இதயப் பிரிவின் அவசர எண். ஆக்சிஜன் 82 இருப்பது இந்தக் குழந்தைக்கு இயல்பு என்று அந்தத் தாள் சொல்லாவிட்டால் அவசரப் பிரிவு முதல் அரை மணி நேரத்தை நுரையீரலில் கோளாறு தேடுவதில் செலவழித்துவிடும். எடை மாறும்போதெல்லாம் தாளை மாற்றுங்கள், தேதி போடுங்கள். வகுப்பாசிரியருக்கு ஒரு பிரதி, விளையாட்டு ஆசிரியருக்கு ஒன்று.